டிவியில கீழ ஓடுற பேரு

— எடுய்யா போன. அம்பதாயிரம்னு சொன்ன வாய்க்கு ஆலோன்னு சொல்ல வராதா?

— வுடு சுலோச்சனா. அடிச்சி அடிச்சி அதுவே ஓஞ்சி போவும்.

— எப்டி ஓயும்? நேத்து நீ சொன்னது நம்ம கோயில் மைக் செட்டு பையங்கிட்ட இல்ல, டிவிக்காரங்கிட்ட. பேரு, தெருவு, நம்பரு எல்லாம் குடுத்த. பத்தாதுன்னு அம்மன் கோயில் கமிட்டி பொருளாளர்னு சேத்து போடச் சொன்ன. அவன் இன்னா உனுக்கு மால போடவா கூப்புடுவான்? துட்டு கேக்கத்தான் கூப்புடுவான்.

— கேக்கறதுக்கு ஒரு மொற கீதுமே. நேத்து மத்தியானம் சொன்னேன். இன்னிக்கி நாஷ்டா தொண்டைல எறங்கல, அதுக்குள்ள வந்து கேப்பானா? நம்ம ஊர்ல ஆடி மாசம் கூழு ஊத்துறோம். மைக்ல பேரு படிக்கிறோம். படிச்ச ஒடனே எவனாவது துட்ட எடுத்து நீட்டிகிறானா? திருவிழா முடியணும். பந்தல பிரிக்கணும். அப்பால ஒரு நாளு கமிட்டி பசங்க வருவானுங்கோ. வாங்கடா, குந்துங்கடான்னு டீத்தண்ணி குடுத்து, ஊர்க்கத பேசி, சொன்னதுல பாதிய கையில வெப்போம். அவனுங்களும் பாதிதான் வரும்னு தெரிஞ்சிதான் பந்தலே போடுவானுங்கோ. அதான் மொற.

— அந்த மொற டிவிக்காரனுக்கு தெரியாதேய்யா.

— தெரியாதவன் எதுக்கு பேரு படிக்கிறான்?

— சரியா கேட்ட. தோ, போனும் நின்னுட்சி. நீ சொன்ன மொற அவனுக்கு புரிஞ்சிட்சி போல.

— கிண்டலு பண்ணாத.

— நான் எதுக்கு கிண்டலு பண்றேன். ஊரே பண்ணப்போவுது, அதுல நான் வேறயா. கறிக்கொழம்பு கையோட எழுந்து ஓடினியே, அத்த நெனச்சாதான் சிரிப்பு வருது. நல்லி எலும்ப தட்டுல போட்டுட்டு, கை கூட கழுவாத, மூக்கால போன ஒத்தி ஒத்தி நம்பரு போட்ட.

— பின்ன? கீழ ஓடிச்சே, நீ பாக்கல? துலுக்கானம், அயனம்பாக்கம், இருபத்தஞ்சாயிரம். அந்தக் கஞ்சப்பய பேரு டிவில ஓடும், நான் நல்லிய உறிஞ்சிகினு குந்தினு இருக்கணுமா?

— பங்காளிதானே. ஓடிட்டு போறான்.

— பங்காளியாம். தெருவுல ஓரடிய முழுங்கி காம்பவுண்டு எழுப்பினவன் பங்காளியா? அவன் ஊட்டு மொனைல சாமி ரதமே திரும்ப மாட்டேங்குது. போன வருசம் பம்பக்காரன் செவுத்துல முட்டிகினு பம்ப கிழிஞ்சிது. அவனுக்கு இன்னாடான்னா தருமம் பொங்குதாம். ஒரு டீ வாங்கினா ரெண்டு டம்ளரு கேட்டு அவனே ரெண்டா ஆத்தி ரெண்டையும் குடிப்பான். அவன் எப்டிமே இருபத்தஞ்சாயிரம் குடுத்தான், அதான் எனுக்கு புரியல.

— டிவில பாத்திருப்பான். மனசு எளகி இருக்கும்.

— அவனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?

— எனுக்கு இன்னா தெரியும். அவன்கிட்டயும் பேசக்கூடாது, அவன் பொண்டாட்டிகிட்டயும் பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டவன் நீ.

— அன்னம்மா கிட்ட இன்னா பேச்சு உனுக்கு?

— ஒண்ணியும் இல்ல. அவ மூஞ்சியும் அவளும். கோயில்ல நேருக்கு நேரா வந்தாக்கூட நான் கெழக்கால திரும்பினா அவ மேக்கால திரும்புவா.

— அப்டித்தான் இருக்கணும்.

— அப்டித்தான்யா கீறோம். சரி, நான் சொல்றத கேளு. துட்டு குடுக்காத.

— இன்னாமே இப்டி சொல்ற? நேத்து மூக்க சிந்திகினு பாத்தவ நீதானே.

— சளி. பாக்கறதுக்கு இன்னா, துட்டா? ஆனா எல்லாம் ஏமாத்து வேலய்யா. அந்தப் பொம்பள அழறா. அழும்போது ஒரு பாட்டு, கண்ண தொடச்சா ஒரு பாட்டு. காலி அரிசி பானைக்குள்ள கேமராவ வுட்டு காட்றான், கெணத்துல தவளைய தேட்றாப்ல. அது முடிஞ்சா நகக்கட வெளம்பரம். கழுத்து கொள்ளாத நகையோட ஒருத்தி சிரிக்கிறா. அப்பால மறுபடி அந்தப் பொம்பள அழறா. இத்த எவனாவது நம்புவானா?

— அதான்மே நானும் சொல்றேன். ஒரு தபா அழறத மூணு தபா போட்டான். அழுறது ஒரே அழுகதான், மொதல்ல கிட்டக்க காட்னான், அப்பால தூரக்க காட்னான்.

— அந்த நிகழ்ச்சி நடத்துற பொண்ணு, பட்டுப்பொடவ கட்டிகினு, மல்லிப்பூ வெச்சிகினு, குடிசைல குனிஞ்சி நொழையுது. பொடவ அழுக்காவக்கூடாதுன்னு கொசுவத்த புடிச்சிகினே கண்ணீரு வுடுது.

— சரியான டுபாக்கூரு.

— அதான். குடுக்காத. நீ சொன்ன, டிவில ஓடிச்சி, ஊரு பாத்துட்சி, முடிஞ்சிது. பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் வாங்கி குடுத்தியே, அது மாதிரி இல்லயே இது, பேரு எழுதி மாட்றதுக்கு.

— ஃபேனுக்கு இன்னா இப்போ?

— ஒண்ணியுமில்ல. ரெக்கைல உன் பேரு எழுதி மாட்டின. ஃபேன் சுத்தினா பேரு தெரியலன்னு, வெய்யில்ல புள்ளைங்க வேத்து வழிய, நிறுத்து நிறுத்துன்னு வாத்தியார்கிட்ட சண்ட போட்ட. டிவில அந்த தொல்ல இல்ல. பேரு அதுவா ஓடும், அதுவா போய்டும்.

— வேகமா ஓடிச்சிமே. பொருளாளர்னு படிக்கறதுக்குள்ள போய்ட்சி.

— தோ, மறுபடி அடிக்குது. எடு. இல்லன்னா நான் எடுத்து ஸ்பீக்கர்ல போட்றேன்.

— ஏய், ஏய், குட்றி இங்க. ஆலோ.

— வணக்கம் சார். ஏகாம்பரம் சாருங்களா? என் பேரு வர்ஷா. நேத்து டிவியில, அகல்யா பாப்பாவோட இருதய ஆபரேஷனுக்கு உதவறதா சொல்லியிருந்தீங்க. அந்த டிரஸ்ட்ல இருந்து பேசறேன்.

— சாரு ஊட்ல இல்லம்மா.

— அப்படிங்களா. நீங்க யாரு பேசறீங்க சார்?

— நானா? நான் வந்து, அவரு பங்காளி. துலுக்கானம்.

— துலுக்கானம் சாருங்களா? நல்லதா போச்சு சார், அடுத்து உங்களத்தான் கூப்பிடறதா இருந்தேன். நீங்களும் அயனம்பாக்கம்தானே. உங்க வீட்டம்மா நம்பர்ல இருந்து பேசி இருபத்தஞ்சாயிரம் சொல்லியிருந்தீங்க. இன்னும் வந்து சேரல சார்.

— வரலயா? துலுக்கானம் துட்டு வரலயா?

— ஆமா சார். உங்க பணம்தான்.

— ஆங், என் துட்டுதான். வராதும்மா. துலுக்கானம் துட்டு எங்கயும் எப்பவும் வராது. நீ ஒண்ணு பண்ணு, துலுக்கானத்து பேர அடிச்சிடு. நானே சொல்றேன். அவனால ஆவாது, இவனால ஆவாது, என்னால ஆவாது.

— சார், பேர எடுத்துடவா சார்? நிச்சயமா சொல்றீங்களா?

— குட்யா போன. எம்மா, பேர எடுக்காத. பேசினது துலுக்கானம் இல்ல. இதான் ஏகாம்பரம். வெளாட்டுக்கு சொல்றாரு. துலுக்கானம் பேரு அப்டியே இருக்கட்டும், எடுத்துடாத தாயே.

— பரவாயில்லம்மா. நீங்க யாரு?

— இந்த வெளாட்டுப் புள்ளைய கட்டிகினவ. அவரு பக்கத்துலதான் கீறாரு, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். மொதல்ல நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு. நேத்து ஒரு குடிச காட்னீங்களே, ஓல மேல பிளாஸ்டிக் சீட்டு போட்டு. அது யாரு ஊடு?

— அதுவாம்மா?

— அதான். அந்த குடிசைல அடுப்பும் இல்ல, சாமி படமும் இல்ல. குடியிருக்கற ஊட்ல துணி காயப்போட ஒரு கயிறு கூடவா இருக்காது? நான் பாத்துகினுதான் இருந்தேன்.

— உண்மைய சொல்லிடறேன்மா. அது அவங்க வீடு இல்ல. அவங்க பூந்தமல்லி பக்கம் வாடகைக்கு இருக்காங்க, சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே ரூம். உள்ள வந்து எடுக்க ஓனர் விடல. என் வீட்ட டிவியில காட்டினா நாளைக்கு வேற எவன் வாடகைக்கு வருவான்னுட்டாரு. சேனல்காரங்க பக்கத்துல காலியா இருந்த ஒரு குடிசையில உக்கார வெச்சு எடுத்துட்டாங்க. எங்களுக்கே அது பிடிக்கலம்மா. சொன்னோம், கேக்கல.

— பாத்தியாய்யா? நான் சொன்னன்ல?

— சொன்ன, சொன்ன. எம்மா வர்ஷா, அப்போ அந்த அரிசி பானையும் உங்களுதுதானா?

— பானை பத்தி எனக்குத் தெரியாது சார். ஆனா பாப்பா உண்மை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டறாரு, பூந்தமல்லி திருவேற்காடு ரூட். ஆபரேஷன் வியாழக்கிழமை. நேத்து பேர் குடுத்தவங்களை நம்பித்தான் ஆஸ்பத்திரியில தேதி வாங்கியிருக்கோம். புதன்கிழமை சாயந்தரத்துக்குள்ள முழுசா கட்டலைன்னா அந்தத் தேதி வேற ஒரு குழந்தைக்குப் போயிடும். அப்புறம் எப்ப கிடைக்கும்னு தெரியாது சார். மாசக்கணக்குல ஆகலாம்.

— துட்டு யாரு கைக்கும்மா போவுது? உன் கைக்கா, டிவிக்காரன் கைக்கா?

— ரெண்டும் இல்லம்மா. பாப்பா பேர்ல ஆஸ்பத்திரி கணக்குக்கே நேரா போகும். நம்பர் இப்பவே அனுப்பிடறேன். நீங்க பாங்க்ல கேட்டு பாத்துட்டு கட்டலாம். ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணி கேட்டாலும் சொல்லுவாங்க.

— சரிம்மா, நான் சொல்றத கேளு. இப்போ பாதி குடுக்கறேன். மீதி, பந்தல், ஆங், ஆபரேசன் முடிஞ்ச அப்பால பாக்கலாம். எங்க ஊர்ல அதான் மொற.

— சார், பாதி ஆபரேஷன் பண்ண முடியாதே சார்.

— நல்லா கேட்டம்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சிடு. நேத்து ஓடிச்சே பேரு, அது குடுத்தாலும் ஓடும், குடுக்கலன்னாலும் ஓடும். அவ்ளோதானே?

— நேத்து ஓடினது சொன்னவங்க பேரும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை அதே நேரத்துல நன்றி சொல்ற நிகழ்ச்சி இருக்கு. அதுல பணம் வந்து சேர்ந்தவங்க பேர் மட்டும்தான் வரும்.

— இன்னாது, மட்டுமா?

— ஆமா சார். ஓட விட மாட்டாங்க. நிறுத்தி நிதானமா படிப்பாங்க, ஊர் பேரோட.

— பொருளாளர்னு படிப்பாங்களா?

— எழுதி குடுத்தா படிப்பாங்க சார். நான் வெச்சிடட்டுமா? இன்னும் நிறைய பேரை கூப்பிடணும். பாதி பேர் போனே எடுக்க மாட்டேங்கறாங்க.

— வெச்சிடும்மா, வெச்சிடு. நீ நல்லா இரு.

— இன்னாமே அவளுக்கு வாழ்த்து?

— பாவம், சம்பளத்துக்கு மாரடிக்குது. ஊருல கீற அத்தினி பொய்யும் அது காதுலதான் வுழுது. நீ இன்னாடான்னா உன் பங்காளி பேர வேற சொல்லி புளுகுற.

— துலுக்கானம் இன்னும் குடுக்கல பாத்தியா? பொண்டாட்டி போன்லேந்து பேசிகிறான். தன் போன்ல பேசினா காசு போவும்னு. கஞ்சன், கடைஞ்செடுத்த கஞ்சன். சொன்னதோட சரி.

— நீயும் சொன்னதோட சரிதானே.

— நான் வேற மே.

— எப்டி வேற? அவனும் சொன்னான், நீயும் சொன்ன. அவனும் குடுக்கல, நீயும் குடுக்கல. சண்ட போட்டுகினு கீறீங்களே ஒழிய ரெண்டு பேரும் ஒரே அச்சி. ஞாயித்துக்கெழம ஊரே பாக்கும். அயனம்பாக்கம்னு ஒரு பேரும் வராது. பெருமாளகரத்துக்காரன் பேரு வரும், கோலடிக்காரன் பேரு வரும். நம்ம ஊரு ஒண்ணியும் குடுக்கலன்னு சிரிச்சிட்டு போவான். போவட்டும். நமக்கு இன்னா வந்துது.

— போவட்டுமா? கோலடிக்காரன் சிரிப்பான், நான் பாத்துகினு இருக்கணுமா?

— பின்ன, டுபாக்கூர் டிவிக்கு துட்ட கொட்டணுமா? குடிச பொய்யின்னு அந்தப் பொண்ணே சொல்லிட்சே. பானையும் பொய்யி. அழுகையும் பாதி பொய்யி.

— குடிச பொய்யி. ஆனா அந்தப் புள்ள பொய்யி இல்லயே.

— இன்னா கண்ட நீ?

— நேத்து பாத்தன்ல. வெளாடிகினே இருந்திச்சி, ரெண்டு எட்டு வெச்சதும் குந்திகிச்சி. எந்த கேமராக்காரன் அப்டி குந்த சொல்லிக் குடுப்பான்?

— தூங்கும்போது காட்னான்யா. ஒதடு நீலமா இருந்திச்சி, நாவப்பழம் தின்னாப்ல. நகம் கூட நீலம். அகல்யா அகல்யான்னு அவ அம்மா எழுப்புது, அது கண்ண தெறந்து அம்மாவ பாத்து சிரிக்குது. அதுக்கு பாட்டு போட்டான் பாரு, அந்தப் பாட்டதான் எனுக்கு புடிக்கல.

— நகம் வரிக்கும் பாத்துகினு இருந்திருக்க.

— டிவி அம்மாம்பெருசு கீது, கண்ணுக்கு தெரியாதா? அத்த வுடு. குடுக்காதன்னா குடுக்காத. அவ்ளோ துட்டு எதுக்கு? கட வாடகை வந்ததும் மாடில தண்ணி டேங்க் மாத்தணும்னு சொல்லிகினு இருந்தல்ல.

— டேங்க்கு ஒழுவினா ஒழுவட்டும். வாளி வெச்சிக்கலாம்.

— நீயா சொல்ற? போன வாரம் ஒரு சொட்டுக்கு பிளம்பரோட மல்லுக்கு நின்னவன்.

— நான் யோசிக்கறேன் சுலோச்சனா. துலுக்கானம் குடுக்க மாட்டான். ஞாயித்துக்கெழம அவன் பேரு வராது, என் பேரு வரும். நிறுத்தி, நிதானமா, ஊர் பேரோட. அப்பால ஆடி மாசம் கமிட்டில குந்தும்போது அவன் வாய தெறப்பானா? தெறந்தா கேப்பேன், டிவில சொன்னியே, குடுத்தியான்னு. ரதம் திரும்பற மொனைல செவுத்த இடிச்சி தர்றியான்னு கேப்பேன்.

— அவனும் குடுத்துட்டான்னா?

— அவனா?

— ஒரு பேச்சுக்கு சொல்றேன். புதன்கெழம வரிக்கும் நேரம் கீதே. அவன் கட்டிட்டு, நீ கட்டலன்னு வெச்சிக்கோ. அவன் பேரு மட்டும் டிவில வருது. அன்னம்மா காலர தூக்கிகினு, அவளுக்கு காலரு ஏது, முந்தானைய தூக்கிகினு தெருவுல நடக்கறா. என்னால பாக்க முடியாதுப்பா. நான் ஆவடில என் தங்கச்சி ஊட்டுக்கு போய்டறேன் ஞாயித்துக்கெழம.

— எங்கயும் போவ தேவல. எட்றி அந்த பாங்கு புக்க.

— இன்னாத்துக்கு?

— எட்றின்னா.

— யோவ், வோணாய்யா. அவசரப்படாத. பாதியாவது கொறச்சிக்கோ.

— பாதி ஆபரேசன் எப்டிமே பண்ணுவான்? அறிவில்லாத பேசற. அந்தப் பொண்ணு அனுப்பிச்ச நம்பர ஒரு துண்டுல எழுதி குடு, கொட்ட எழுத்துல. பாங்குல அந்த கண்ணாடிக்காரம்மா கிட்ட காட்டி, ஆஸ்பத்திரி கணக்குதானான்னு மொதல்ல கேப்பேன். நான் ஒண்ணும் ஏமாளி இல்ல.

— எனுக்கு புடிக்கல, சொல்லிட்டேன். அப்பால என்ன கொற சொல்லாத.

— உனுக்கு எதுதான் புடிச்சிது? டிவிய பாத்து கரிச்சி கொட்டத்தான் தெரியும். ஒரு புள்ள உசுருக்கு மல்லு கட்டிகினு கெடக்குது, இவ பட்டுப்பொடவ, கொசுவம், பாட்டுன்னு கத பேசறா. மனுசிக்கு ஈரம் வோணும்மே நெஞ்சில.

— சரி, நான் கல்லு. நீ போ. லுங்கியோடவா போற?

— வெள்ள வேட்டி எங்க?

— பாங்குக்கு எதுக்குய்யா வெள்ள வேட்டி? கல்யாணத்துக்கா போற?

— எடுத்து குடு. கர வெச்சது.

— இந்தா. ஏரிக்கர வழியா போய்டு, ஷேர் ஆட்டோ அங்கதான் நிக்கும். கிட்டக்க.

— ஏரிக்கர வழியா எவன் பாப்பான்? நான் நடுத்தெரு வழியா போறேன்.

— துலுக்கானம் ஊட்டு வழியாவா? சுத்துய்யா. வெய்யிலு வேற.

— வெய்யிலு இன்னா பண்ணும். பாங்கு புக்கு பைக்குள்ள வோணாம், கைலயே குடு. அந்த செவுத்தாண்ட நின்னு ஒரு தபா செருமிட்டு போவணும். நீ கதவ சாத்திக்கோ.

— சாத்திக்கிறேன். பாத்து போ. போய்ட்டியா? யோவ்? சரி, தெரு மொன திரும்பிட்டாரு.

— ஆலோ, அன்னம்மா, நாந்தான். கெளம்பிட்டாரு, வெள்ள வேட்டி கட்டிகினு, பாங்கு புக்க கைல தூக்கி புடிச்சிகினு உங்க தெரு வழியாத்தான் வர்றாரு. உன் ஊட்டுக்காரர் பேர டிவிக்கு குடுத்தது நீதான்னு அவர்கிட்ட இப்போ சொல்லிடாத, மொதல்ல அவர எழுப்பி கொண்ணாந்து வாசல்ல குந்த வெய்யி.